வீட்டில் ஒருவரும் இருக்கக் கூடாது

"மிஸ், பெத்தவங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்றதுதான் உங்க கவுன்சலிங்கா?"

செந்தூல் பிளாட்டின் குடியிருப்போர் சங்கத் தலைவர் தம்புசாமி போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் லேப்டாப்பும் தானுமாக உட்கார்ந்திருந்த கிறிஸ்டினுக்குச் சுருக்கென்றது. எம்சிஓ என்கிற கொரோனா ஊரடங்கு வந்ததிலிருந்து, வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகளோடு ஆன்லைனில் பேசுவதுதான் அவள் வேலை. அதில் ஒரே ஒரு கறாரான விதி உண்டு. பேசுகிற ஒரு மணி நேரம் வீட்டில் வேறு யாரும் காதில் விழுகிற தூரத்தில் இருக்கக் கூடாது. அப்பா அம்மா பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளை மனசைத் திறக்கும்?

நல்ல விதிதான், யார் இல்லையென்றது? ஆனால் அதை எழுதிய மகராசன் செந்தூல் பிளாட்டுக்குள் ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டான். அங்கே கிறிஸ்டினிடம் பேசும் விஷ்ணுப்ரியா என்ற பெண்ணின் வீட்டில் ஒரு ஹால், ஒரு ரூம். ரூமுக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். சாத்துவதற்கு இருப்பது வாசல் கதவு ஒன்றே ஒன்று.

அவளுக்குப் பதினாறு வயது. ஆன்லைன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்திருந்தார்கள். அவளானால் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், லோரி ஓட்டும் அப்பா பக்கிரிசாமியும் அம்மா உஷாராணியும் காரிடாரில் நிற்க வேண்டியதுதான். வீட்டில் ஒரு மைனா வேறு. கேட்டதைத் திருப்பிச் சொல்லுமாம். ரகசியம் வெளியே போய்விடும் என்று அதையும் கூண்டோடு அப்பா கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

தம்புசாமி இன்னும் முடிக்கவில்லை. முதல் வாரம் புருஷன் காரிடாரில் இந்தக் கோடி, பெண்டாட்டி அந்தக் கோடி என்று, ஊரே பார்த்துப் படிக்கிற மாதிரி, தள்ளி நிற்கச் சொல்லும் எஸ்ஓபி விதியைக் கடைப்பிடித்தார்களாம். இப்போது என்னடாவென்றால் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கிறார்களாம்.

"அங்கிள், அவங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டி."

"வீட்டுக்குள்ளே புருஷன் பெண்டாட்டி. காரிடார் பொது இடம்லா, மிஸ்."

ஆதாரத்துக்குப் படமும் அனுப்பினார், சிவப்பு வட்டம் போட்டு. இரண்டு பேர் மாஸ்க்கும் தாடையில் கிடந்தது. மைனாவுக்கு மாஸ்க்கே இல்லை என்று அவர் சொல்லாததுதான் பாக்கி.

இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லி கிறிஸ்டின் போனை வைத்தாள். அவருக்குப் பயந்து அல்ல. அவளுக்கே அந்தப் பெண் மேல் எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

பின்னே? ஏழு வாரமாக அவள் கொண்டுவந்த பிரச்சினைகளைக் கேளுங்கள். ஒரு வாரம், நெற்றி முடியைக் கோணலாக வெட்டிக்கொண்ட துக்கம். ஒரு வாரம், கூடப் படிக்கிற மாதவி வாட்ஸ்அப்பில் பதில் போடாதது. போன வாரம், சுவரில் இருக்கும் பல்லி தன்னையே முறைக்கிறதாம். முழுசாக ஐம்பது நிமிடம் பல்லி புராணம். இதற்காகப் பெற்றவர்கள் கால் கடுக்க வெளியே நிற்க வேண்டுமா? அங்கே ரவாங்கில் லோகன் என்று ஒரு பையன் சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் சுருண்டு கிடக்கிறான். கிறிஸ்டினுக்கு ஒரு மணி நேரம் எங்கே காலியாகும் என்று அவன் அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்றைக்கும் சரியாக ஐந்து மணிக்கு விஷ்ணுப்ரியா திரையில் வந்தாள். செருப்பு ஒன்று பிய்ந்துபோன சோகத்தை ஆரம்பித்தாள்.

கிறிஸ்டின் குறுக்கே வெட்டினாள். "ப்ரியா, உனக்கு ஒரு பிரச்சினையும் இல்லம்மா. இந்த நேரம் நிஜமாவே கஷ்டப்படுற ஒரு பையனுக்கு வேணும். இன்னையோட முடிச்சுக்குவோம்."

அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. எழுந்து போய், வாசல் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இந்த முறை செருப்பு, பல்லி எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் பேசி ஒரு வருஷம் ஆச்சுக்கா. எல்லாமே என் வழியாத்தான். பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டே, 'உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு', 'உங்கம்மாகிட்ட உப்பு கம்மின்னு சொல்லு.' எம்சிஓ வந்ததிலேருந்து நாள் பூரா இதே வேலை. அப்புறம் கிளாஸ்ல பேச எனக்கு எங்கக்கா வாய் வரும்?"

கிறிஸ்டின் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் உள்ளே இருந்துட்டா, சொல்லியனுப்ப அவங்களுக்கு ஆள் இல்ல. ரெண்டு வாரம் சும்மாவே நின்னாங்க. மூணாவது வாரம் நல்ல மழை. அம்மாதான் முதல்ல, 'சாரல் அடிக்குது, இந்தப் பக்கம் வாங்க'ன்னாங்க. ஒரு காதுல நீங்க, இன்னொரு காதுல அவங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சுக்கா. இப்ப ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. ஆனா சண்டை எதனாலன்ற பேச்சுக்கு இன்னும் வரல."

கிறிஸ்டினுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பல்லியை நினைத்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிச்சுக்கம்மா, உன் நேரம் உனக்கே இருக்கட்டும் என்றாள்.

விஷ்ணுப்ரியா தலையாட்டி மறுத்தாள்.

"வேணாம்கா, நீங்க அந்தப் பையன்கிட்டயே பேசுங்க. எனக்கு வியாழக்கிழமை அஞ்சு மணிக்குக் கதவு சாத்தியிருந்தா போதும். அப்பாகிட்ட மட்டும், நான் இன்னும் தேறலன்னு சொல்லிடுங்க."