வெட்டிய மூச்சுகள்

சிறுமியாக மேடையில் பாடிய நாட்களில், மதுவந்தி மூச்சு வாங்குவது மைக்கில் கேட்டுவிட்டால், சுருதிப்பெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா பட்டுப்பாவாடைக்கு மேலாகவே தொடையில் கிள்ளுவாள். முகத்தில் சிரிப்பு மாறாது. ‘மூச்சே தெரியாமப் பாடுறா’ என்று மதுவந்திக்குப் பெயர் வந்தது அப்படித்தான். அந்தப் பெயர்தான் அவளைச் சினிமா ஒலிப்பதிவுக்கூடம் வரை கொண்டுவந்தது. இன்றும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலிப்பதிவாளர் ஸ்டீபனுக்கு அருகில் அம்மா இருக்கிறாள்.

பாட்டு முடிந்ததும் ஸ்டீபனின் குரல் ஹெட்போனில் வந்தது. “மேடம், வரிக்கு நடுவுல வர்ற மூச்சை எல்லாம் வெட்டி எடுத்துருவோம்ல? இதுவரைக்கும் வெட்டுனதை எல்லாம் ஒண்ணா ஒட்டிப் பாத்தேன். வேடிக்கையா இருக்கு, கேளுங்க.”

முதலில் சின்னச் சின்ன இழுப்புகள். பிறகு அவை நெருங்கி வேகமெடுத்தன. ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. பின்னால் வருகிறார்களா என்று பார்ப்பதுபோல அடக்கிக்கொண்டது. மறுபடி ஓடியது.

“போதும், நிறுத்துங்க” என்றாள் மதுவந்தி.

“அப்பவே நிறுத்திட்டேனே மேடம்.”

ஹெட்போனில் மூச்சு இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. அவள் முன்னால் மைக் அணைக்கப்படாமல் திறந்தே இருந்தது. அம்மா ஸ்டீபனின் மைக் பக்கம் குனிந்து, சிரித்த முகத்தோடு சொன்னாள்.

“மது, கேக்குதுடி.”

பிறகு எழுந்து கதவை நோக்கி நடந்தாள். கைப்பிடி திரும்பியது. வாயைப் பொத்துவதா, தொடையை மறைப்பதா என்று மதுவந்தியின் கைகளுக்குத் தெரியவில்லை.