இருக்கறதுலயே கடுசானது

“இருக்கறதுலயே கடுசான ஷாக் அப்சார்பர் எதுவோ, அதக் கார்ல மாட்டுங்கண்ணே” என்றார் பேங்க் ஆபீசர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மெக்கானிக்கின் காதில் தேன் பாய்ந்தது. வருகிறவன் எல்லாம் காரைத் தரையோடு தரையாக இறக்கச் சொல்வான். இறக்கிக் கொடுத்தால் மறுநாளே வந்து, “தூக்கித் தூக்கிப் போடுதுண்ணே” என்று மூக்கைச் சிந்துவான்.

இதே ஆபீசர்கூட ஆறு மாதத்துக்கு முன் இரண்டு இன்ச் இறக்கிக்கொண்டபோது, மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவர்தான். மனுஷனுக்கு இப்போது ஞானம் பிறந்துவிட்டது.

“இந்த ஷாக்ல எட்டு கிளிக் இருக்கு சார். ஏத்த ஏத்த இறுகும். உங்களுக்கு அஞ்சுல வைக்கட்டுமா?”

“எட்டுலயே வைங்க.”

“ஸ்வே பாரும் மாத்திடுவோம். ரெண்டு பக்கச் சக்கரத்தையும் சேத்துப் புடிக்கற கம்பி. உங்களோடது சுண்டு விரல் தடிமன், இது கட்டை விரல். வளைவுல வண்டி இம்மி சாயாது!”

“வளைவ விடுங்க. பள்ளத்துல எப்படி?”

மெக்கானிக் பொய் சொல்லத் தெரியாதவர். “பள்ளத்துல கொஞ்சம் சிரமம்தான். ஒரு பக்கம் விழுந்தா, இன்னொரு பக்கமும் சேந்து குலுங்கும்.”

“ரெண்டு பக்கமுமா!” ஆபீசரின் முகம் மலர்ந்தது. “பிரமாதம், போடுங்க.”

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. மெல்ல மனதில் இருந்ததைக் கொட்டினார். “ஞாயித்துக்கிழமை டிராக்ல போட்டி இருக்கு சார். நம்ம கடை ஸ்டிக்கர் ஒட்டி நீங்க ஓட்டணும். எதிர்க்கடைக்காரன் என்னைப் பஞ்சர் ஒட்டத்தான் லாயக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். அவன் மூக்க ஒடைக்கணும்.”

“ஒடைக்கலாம், ஒடைக்கலாம். சீக்கிரம் மாட்டுங்க.” ஆபீசர் மூன்றாவது பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி பாத்ரூம் எங்கே என்று கேட்டார். போட்டி என்றதுமே வயிற்றைக் கலக்குகிறது போல, பாவம், என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

மூன்று மணி நேரத்தில் எல்லாம் மாட்டியாயிற்று. ஓட்டிப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள்.

“வலது பக்கம் திரும்புங்க சார், நல்ல ரோடு. வளைவுல காட்டறேன்.”

ஆபீசர் இடது பக்கம் திரும்பினார். குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட தெரு அது. ஒரு பள்ளத்தைக்கூட மிச்சம் வைக்காமல், கோபக்கார மாமனார் மாதிரி உர்ரென்று ஓட்டினார். மெக்கானிக்கின் மண்டை நான்கு முறை கூரையில் இடித்தது. ‘இவன்டா டிரைவர்!’ என்று மண்டையைத் தடவியபடியே புல்லரித்துப் போனார்.

ஐந்தாவது பள்ளத்தில் ஆபீசர், “ஐயோ!” என்று அலறினார். வண்டியைத் திருப்பிப் பறந்து வந்து, கடை வாசலில் நிறுத்திவிட்டு பாத்ரூமுக்குள் ஓடினார்.

அதற்குள் மெக்கானிக் கடையின் பெயர் போட்ட ஸ்டிக்கரை எடுத்துவந்து, ஒரு குமிழிகூட இல்லாமல் கார் கதவில் நீவி நீவி ஒட்டினார். எதிர்க்கடைக்காரன் பார்க்கிறானா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

பாத்ரூம் கதவு திறந்தது. பத்து வயது குறைந்தவர் போல வெளியே வந்த ஆபீசர், கிரீஸ் அப்புவதைக்கூடப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்தார்.

“நீங்க தெய்வம்ணே!”

“ஞாயித்துக்கிழமை கப்பு நமக்குத்தான் சார்!”

“கப்பா? அதெல்லாம் எனக்கு எதுக்குண்ணே? இதக் கழட்டிட்டுப் பழசையே மாட்டிடுங்க” என்றார் ஆபீசர், ஆனந்தக் கண்ணீரைத் துடைத்தபடி.

“கிட்னியில இருந்த கல்லு விழுந்துடுச்சு!”