குழாயில் கட்டிய கூடை

பவுனம்மாள் வீட்டில் தீப்பிடித்தபோது, தீயணைப்பு வண்டிக்குக் குளத்துத் தண்ணீரை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. தண்ணீரை உறிஞ்சும் குழாயைப் பாசி அடைத்துவிடக் கூடாது என்று, தீயணைப்புக்காரர்கள் அவள் வாசலில் கிடந்த மூங்கில் கூடையை எடுத்துக் குழாயின் வாயில் கட்டிக் குளத்தில் இறக்கினார்கள். தீ அணைந்ததும் கூடையை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"வீடு தப்பிச்சுதா?" என்று கூடை விரால் மீனிடம் கேட்டது.

"எனக்கெப்படித் தெரியும்? குளம் மூணு படி கீழே போச்சு, அதுதான் தெரியும். நீ பாசியையும் தடுத்தே, என் பிள்ளைகளையும் குழாய்க்குள்ளே போகவிடலே. அப்புறம் என்ன கவலை?"

"தண்ணி போய்ச் சேர்ந்ததுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லணுமே."

நாளடைவில் விரால் குஞ்சுகள் கூடைக்குள் குடியேறின. "வாடகை கேட்டுடாதே" என்று விரால் கேலி செய்தது. கூடைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலையில் பவுனம்மாள் பானை தேய்க்கக் குளத்துக்கு வந்தாள்.

"வீடு எப்படி இருக்கு அக்கா?" என்று எதிர்க்கரையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அடுப்படிக் கூரை மட்டுந்தான் போச்சு. மத்ததெல்லாம் நிக்குது."

சொல்லும்போதே அவள் கண்ணில் கூடை பட்டது. "அட, நம்ம கூடை!" என்று இரண்டு கையாலும் தூக்கினாள். தண்ணீர் வடிய வடிய உள்ளே குஞ்சுகள் துள்ளின.

"அடியாத்தி, இங்க ஒரு குடும்பமே இருக்கே" என்று, தூக்கியதைவிட மெதுவாகக் கூடையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

"உனக்குப் போகணும்னுதானே இருந்தது?" என்று விரால் தயங்கிக் கேட்டது.

"கொஞ்சம் பேசாம இரு" என்றது கூடை. "அவ நடக்கிற சத்தம் இன்னும் கேக்குது."