சூட்டுக்குப் பத்தியம்

அன்று திங்களா, வியாழனா என்பதில் மஸூதாவுக்கு இப்போது தடுமாற்றம். தாதி சிவநந்தினி நின்றுகொண்டு பேசினாளா, உட்கார்ந்தா என்பதும் சரியாக நினைவில்லை.

மாத்தளையில் கிளினிக். கணவர் ஜிப்ரியின் புஜத்தைத் தாதி நாடா வைத்து அளந்தாள். போன மாதத்தைவிட இன்னும் மெலிந்திருந்தது.

"என்ன சாப்பிடக் கொடுக்கிறீங்க, அக்கா?"

மஸூதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு மாதமாக அவள் தவறாமல் செய்வது அது ஒன்றுதான். இளநீர், வெள்ளரிக்காய், வல்லாரைச் சம்பல். முட்டை, மீன், கோழி எதுவும் வீட்டு வாசலையே மிதிக்கவில்லை.

நாலு மாதத்துக்கு முன் ஜிப்ரியின் வயிற்றுக் கட்டியைப் பற்றி டொக்டர் சிங்களத்தில் நிறையச் சொன்னார். அதில் நெருப்பு என்பது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. "உடம்புல சூடாம்தானே?" என்று பஸ்ஸில் கேட்டாள். ஜிப்ரி "ஓ" என்று தலையாட்டினார். அதுவரை அழுதுகொண்டே கிடந்தவள் அன்றுதான் எழுந்து சமைக்கக் குசினிக்குப் போனாள்.

"ஆட்டுக்குப் போடுற மாதிரி இலையாப் போடுறா, மிஸ். கொம்பு முளைச்சிருக்கான்னு பாருங்க," என்றார் ஜிப்ரி.

சிவநந்தினி சிரிக்கவில்லை.

"ஐயோ அக்கா, அது சூடில்ல, அழற்சி. கட்டி வருத்தமே தசையத் தின்னுது. அதுக்கு முட்டை, மீன்தானே கூடக் கொடுக்கச் சொல்லி..."

ஜிப்ரி குறுக்கிட்டார். தாழ்ந்த குரலில், வேகமாக, சிங்களத்தில்.

கலேவெல சந்தையில் இருபது வருஷம் வெங்காயம் விற்ற சிங்களம். டொக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குத் தப்பியிருக்காது.

தாதி ஜிப்ரியின் கிளினிக் கொப்பியை மூடினாள்.

"நான் வேற ஆள்ட கொப்பியப் பார்த்துட்டேன், அக்கா. இவருக்குச் சூடுதான். இப்ப குறைஞ்சிட்டு. இனி முட்டை, மீன் கொடுங்க."

"சரி, மிஸ்."

ஜிப்ரி சிங்களத்தில் பேசியதில் கடைசி இரண்டு சொற்கள் மஸூதாவுக்கு விளங்கியிருந்தன. 'கியன்ன எபா.' சொல்ல வேண்டாம்.

அவித்த முட்டையைத் தின்னும்போதெல்லாம், "சூடு குறைஞ்சதால தப்பிச்சேன்," என்று ஜிப்ரி சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

சிவநந்தினி அடுத்த வருடம் மாற்றலாகிப் போனாள். மஸூதா நாவுலயில் தம்பி பலீலோடு இருக்கிறாள். அந்தக் கிளினிக் நாளுக்குப் பிறகு ஐந்தாவது வாரம் ஜிப்ரி மௌத்தாகி அடக்கமானார். அந்த இரண்டு சொற்கள் அவளுக்கு விளங்கியது அவருக்குத் தெரியாமலே போயிற்று.