பல் டாக்டரின் கப்பல்

பல் டாக்டர் ஆசையாக வாங்கிய, ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மைக் கப்பலின் இரண்டு பாதிகளும் சேருவேனா என்று அடம்பிடித்தன. பசை தடவி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியும் அடிப்பக்கம் வாயைப் பிளந்தது. வெறுத்துப்போய், பல் அடைக்கும் சிமெண்டை அதில் அப்பி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்தார். நின்றபடி வார்த்திருந்த மாலுமி பொம்மைகளைத் தளத்தில் ஒட்டினார். ஓரத்தில் உயிர்காப்புப் படகையும் தொங்கவிட்டார்.

காலையில் படகும் இல்லை, மாலுமிகளும் இல்லை.

"பொம்மையெல்லாம் எங்க வச்ச?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"நான் எதையும் தொடல. பாத்ரூம் வாளியில என்னமோ மிதக்குது, மொதல்ல அதை எடுங்க. நான் குளிக்கணும்."

வாளியில் படகு மிதந்துகொண்டிருந்தது. மாலுமிகள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அதான் ஓட்டைய அடைச்சிட்டேனே," என்றார் டாக்டர் அவர்களிடம் கடுப்பாக.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.