சேவியர் வீட்டு ஹால்

இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் நேர்கோடு என்று உலகம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பிவருகிறது. வருந்தத்தக்க பிழை. புனேயில், போபோடியில், அது சேவியர் வீட்டு ஹால்.

இந்தத் திருத்தத்தைக் கண்டுபிடித்தவள் மங்கையர்க்கரசி. அவள் மகள் மீனு ஏழாவது பாஸ். மெயின் ரோட்டுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இடம் வேண்டும். வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் இடம் என்பது அந்தப் பள்ளியின் விதி. மங்கை வீட்டிலிருந்து சுற்றிக்கொண்டு போனால் ஒரு தண்ணி லாரி நீளம் கூடுதல்.

அந்த ஒரு லாரி நீளத்துக்காக மீனு இரண்டு பஸ் மாறி போசரிக்குப் போய்ப் படிக்கவேண்டும்.

"எல்லாம் அந்த ஆளால," என்றாள் மங்கை கணவனிடம். "குறுக்க வீட்டைக் கட்டி ரோட்டையே முழுங்கிட்டாரு. இல்லன்னா நம்ம சந்து நேரா ஸ்கூலுக்குப் போயிருக்கும்."

ரமேஷ் கட்கி தொழிற்சாலை ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "அவரு வீடு கட்டினப்ப இங்க சந்தே கிடையாது. நாமதான் பின்னாடி வந்து சந்தாக்கினோம்."

"நீங்க எப்பவும் அவரு கட்சிதானே!"

சேவியர் வீட்டின் முன்கதவு சந்தில் திறக்கும். பின்கதவு பள்ளிக்கூடச் சாலையில் திறக்கும். நடுவே ஒரே ஹால். அந்தப் பின்கதவை அவர் யாருக்காகவும் திறந்ததில்லை. பந்து உள்ளே விழுந்தால்கூடச் சுற்றிவந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார். மங்கை அவரோடு பேசி வருஷக்கணக்காகிறது.

இப்போது பேசவேண்டி வந்தது.

"சேவியரண்ணே, நாளைக்கு ஸ்கூல்லேருந்து தூரம் அளக்க வர்றாங்க. உங்க வீட்டு வழியா... ஒரே ஒரு தடவை..."

சேவியர் பேப்பரை மடித்தார். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ரிடையரானவர். கையில் இருப்பதை ஒழுங்காக மடித்துவைக்காமல் எதற்கும் பதில் சொல்லமாட்டார்.

"ரோட்டை முழுங்கினவன் வீட்டு வழியாவா?"

மங்கை தரையைப் பார்த்தாள்.

"முழுங்கினதைக் கக்கிடுங்களேன்," என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி மரியம்மாள். "புள்ள படிக்கட்டும்."

மறுநாள் அளக்கிற அதிகாரி வந்தார். கையில் நீளக் கழியின் முனையில் ஒரு சக்கரம். உருட்டிக்கொண்டே வந்தவர் சேவியர் வாசற்படியில் நின்றார்.

"இது வீடு," என்றார் இந்தியில்.

"ரஸ்தா, சாப். ரோடு," என்றாள் மங்கை.

"டிவி ஓடுகிறதே?"

"ரஸ்தான்னா நாலும் ஓடும், சாப்."

அந்த நேரம் பார்த்து முட்டை வியாபாரி அப்துல் காதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்கதவில் நுழைந்தார். "சலாம், மரியம்மா" என்றார். மணியடித்துக்கொண்டே பின்கதவில் வெளியேறினார். வாழ்நாளில் முதல்முறையாகப் போகிறவர் போலவே தெரியவில்லை.

அதிகாரி பெருமூச்சு விட்டு உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மரியம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இரண்டு கால்களையும் தூக்கினாள். சக்கரம் அடியில் கடந்துபோனது.

பின்கதவில் அதிகாரி திரும்பினார்.

"பொது வழி என்று பதிந்துவிட்டால் அப்புறம் பூட்ட முடியாது. ராத்திரி பகல் திறந்திருக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் போவார்கள். யோசித்துச் சொல்லுங்கள்."

ஒரே ஒரு தடவை என்று தான் கேட்டது மங்கைக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

சேவியர் மனைவியைப் பார்த்தார். பிறகு வாசலில் யூனிஃபார்ம் துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மீனுவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தார்.

"அந்தப் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு, சாப். எழுதிக்குங்க."

பள்ளி வாசலில் சக்கரம் நின்றபோது ஒரு கிலோமீட்டருக்கு இன்னும் ஒரு தண்ணி லாரி நீளம் பாக்கி இருந்தது. மங்கை அழுதாள். சந்து முழுக்கப் பேடா கொடுத்தாள். சேவியருக்கு இரண்டு.

ஜூன் பிறந்தது. மீனு எட்டாம் வகுப்புக்கு ஹால் வழியாக நடந்தாள். அவள் பின்னால் காய்கறிக்காரி போனாள், காஸ் சிலிண்டர் போனது. மழை தொடங்கியதும் மெயின் ரோட்டுச் சகதிக்குப் பயந்து ஸ்கூட்டர்களும் போயின.

ஒரு நாள் மங்கை வார்டு ஆபீஸில் போய் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"வண்டிங்க என்ன வேகமாப் போகுது தெரியுமா? என் பொண்ணு தினம் நடக்கிற வழி! கேக்க ஆளில்லையா?"

"எந்த ரோடு, தாயி?"

"சேவியர் ரோடு. இன்னொண்ணு, சாப். அங்க ஒருத்தர் நடுரோட்டுல கட்டிலைப் போட்டுத் தூங்குறாரு. அதையும் என்னன்னு கேளுங்க."

அந்த வாரமே ஆட்கள் வந்து, டிவிக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு வேகத்தடை போட்டுவிட்டுப் போனார்கள்.

சேவியர் மடக்குக் கட்டில் ஒன்று வாங்கினார். காலையில் மீனு வருவதற்குள் அதை மடித்துச் சுவரோரம் சாத்திவிடுகிறார்.