செவ்வந்திக்கு மட்டும் வேறு கதை

ஏழாம் வகுப்பில் நான் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அன்று பிள்ளைகள் நால்வருக்கும் பள்ளி கொடுத்த டேப்லெட்டில் ஒரே கதை.

"அம்மா செத்ததும் அந்தப் பையன் பாத்திரத்தையெல்லாம் தூக்கி எறிஞ்சானே, அது சரியா?" என்று ஆரம்பித்தாள் பெனாசிர்.

"என் டேப்ல அம்மா சாகவே இல்லையே. ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டாங்க," என்றாள் செவ்வந்தி.

போன மாதம்தான் செவ்வந்தியின் அம்மா இறந்தார். பள்ளிப் பதிவிலிருந்து அது தெரிந்து, டேப்பில் இருக்கும் ஏ.ஐ. செயலி அவளுக்கு மட்டும் கதையை மாற்றியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைமையாசிரியரிடம் போய், "கதையை மாத்தச் சொல்லி யார் சார் கேட்டது?" என்று கத்தினேன்.

"பிள்ளை மனசு நோகக் கூடாதுல்ல, டீச்சர்," என்றார்.

வகுப்புக்குத் திரும்பினேன். செவ்வந்தியின் டேப் சுவரோரம் உடைந்து கிடந்தது. அவள் பெனாசிரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"எறிஞ்சதுக்கப்புறம் அவன் என்னடி செஞ்சான்?"